ஒற்றை விரல்

எல்லைச் சாவடி அதிகாரி தன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒட்டவைத்துக் காட்டினார். பிறகு மோவாயால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளைச் சுட்டினார். சேர்ந்து வந்தவர்களா?

அவர் முன்னால் நின்ற எலக்ட்ரீஷியன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான்.

தனி.

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

அவனுக்கு முன்னால் போன அவளுடைய வேலை சட்டென்று முடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரை ஈரம் காயவில்லை. அடுத்த நாட்டுக்குப் போகும் பஸ் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. ஏறிப் போயிருக்கலாம். இவனுக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். எழுபது நாள் கூடவே வந்தவன், ஒரு விரலில் கதையை முடித்துவிட்டான்.

அவள் இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். இப்படிப்பட்ட ஆட்களை வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறாள். செக்கிங் ஏறினால் போதும், அதுவரை தோளில் சாய்ந்து குறட்டை விட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் இந்த ஆள் என்பான். டிக்கெட் எடுக்காத தம்பியைக் கூடப்பிறந்த அக்காவே தெரியாது என்று சாதிப்பாள்.

இவன் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவனா?

மூன்றாவது நாட்டில், ஒரு ரயிலில்தான் கிடைத்தான். மேல் படுக்கையிலிருந்து தமிழில் ஒரு குரல்: "நாசமாப் போற ஜிப்பு."

"மெழுகுவத்திய வச்சுத் தேயி, ஓடும்" என்றாள் கீழேயிருந்து.

வௌவால் மாதிரித் தலைகீழாக எட்டிப் பார்த்தான். அன்றிலிருந்து அக்கா, தம்பி. இந்த வயதில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்டான்.

"டிக்கெட் கிழிக்காம ஒரு தடவையாவது ஜன்னலோரமா உக்காந்து போகணும் தம்பி."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் ஜன்னலோரம் அவளுக்குத்தான்.

அவனிடம் ஒரு கூடாரம் இருந்தது. சுமை பாதிப் பாதியாகட்டும் என்று துணியை அவள் பையிலும் கம்பிகளை அவன் பையிலும் வைத்துக்கொண்டார்கள். இனி நீயில்லாமல் எனக்குக் கூரை இல்லை என்று அவள்தான் கிண்டல் செய்தாள்.

போன வாரம் அவள் காய்ச்சலில் மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடந்தாள். விடுதி அறையில் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றியவனும் இவன்தான். அவளுக்கு விசா இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அவனுக்கு நேற்றோடு முடிந்துவிட்டது. ஒரு நாள்தானே, பேசிக்கொள்ளலாம் என்றான்.

அதெல்லாம் வேஷமா?

விசா நாள் தாண்டியவர்களோடு சேர்ந்து வந்தவர்களையும் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள் என்று வழியெல்லாம் பஸ்ஸில் ஒரே பேச்சு. சரி, மாட்டிக்கொண்டவன் அவன். அவளைத் தெரியும் என்று சொன்னால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்? கிரீடம் இறங்கிவிடுமா? மனிதன் நன்றி கெட்டுப்போக ஒரு காரணமாவது வேண்டாமா?

அதிகாரி அவனுடைய பையைக் கவிழ்த்தார். துவைக்காத காலுறைகள், டெஸ்டர், இன்சுலேஷன் டேப், கடைசியில் கூடாரக் கம்பிகள். கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக் காற்றில் ஒரு முக்கோணம் வரைந்தார். இதற்குத் துணி எங்கே?

அவன் இரண்டு கைகளையும் விரித்தான். தொலைந்துவிட்டது.

துணி அவள் காலடியில், அவள் பைக்குள் இருந்தது. நாலு எட்டு நடந்தால் தொடலாம். கூசாமல் புளுகுகிறானே, பாவி. அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள். அவளையும் தொலைந்தவற்றில் சேர்த்துவிட்டான், அவ்வளவுதான்.

பஸ் ஹாரன் அடித்தது.

அவன் காலுறைகளைத் திரும்பப் பைக்குள் திணித்தபடி, சுவரைப் பார்த்து, பாட்டு முணுமுணுப்பதைப்போலத் தமிழில் சொன்னான். "பஸ்ஸு கெளம்புது. ஜன்னலோரம் போயிடப் போவுது."

அந்த அறையில் அது புரியக்கூடிய காது ஒன்றுதான்.

அவள் விருட்டென்று எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது, அவளும் காற்றுக்குச் சொல்வதைப்போல விட்டெறிந்தாள். "தெரியாதவங்ககிட்ட என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு."

அவன் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறான். அது அவளை இன்னும் எரித்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. பையை இறக்காமலே உட்கார்ந்தாள். கம்பியில்லாத கூடாரம் முதுகை அழுத்தியது. போகட்டும். கிடக்கட்டும் அங்கேயே. ஒருவனை நம்பியா வீட்டை விட்டுக் கிளம்பினாள்?

கண்டக்டர் வந்தான். கையில் டிக்கெட் கட்டு. அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைப் பார்த்தான். இரண்டு விரல்களைக் காட்டினான், பிறகு ஒன்றை மடக்கினான். ரெண்டா, ஒண்ணா?

அவள் விரல் தானாக எழுந்தது.

ஒன்று.

எழுந்த விரலை அவள் பார்த்தாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். அவள் கை அப்படியே நின்றது.

கால் மணி நேரத்துக்கு முன்னால், அதே அதிகாரி அவளிடமும் இரண்டு விரல்களை ஒட்டவைத்துக் கேட்டபோது, அது இப்படித்தான் எழுந்தது.

அப்போது எலக்ட்ரீஷியன் அவளுக்குப் பின்னால், மஞ்சள் கோட்டில், தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தான்.