நடுவிரல் காய்ப்பு

ஜன்னலோர மேசையில், மாலை வெயிலில், ஒரு சிலிக்கோன் விரல் கிடக்கிறது. விபத்தில் வலக்கை நடுவிரலை இழந்த டீச்சர் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்திருக்கிறார். அவருடைய இடக்கை விரலை ஸ்கேன் செய்து, கணினியில் இடம் வலம் மாற்றி அச்செடுத்த இன்ஜினியர் பெண்ணுக்கு முகம் தொங்கிப்போகிறது. “அளவு இம்மிகூடப் பிசகல டீச்சர்” என்கிறாள். “அழகாத்தாம்மா இருக்கு. ஆனா வேற யாரோ விரல் மாதிரி இருக்கு. நான் இது இல்லாமயே இருந்துக்கறேன்” என்கிறார் டீச்சர். விரலுக்கு நிறம் தீட்டிய அக்கா, தூரிகையைக் காதுமேல் செருகிக்கொண்டு, டீச்சரின் இடக்கையைத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். திடீரென்று களுக்கென்று சிரிக்கிறாள். “அடி மக்கு, இந்தக் கை என்னைக்குடி பேனா பிடிச்சுது?” இன்ஜினியர் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அக்கா ஊசிமுனையில் ஒரு சொட்டு சிலிக்கோன் எடுத்து, நகத்தையொட்டி, கட்டைவிரல் பக்கமாக வைத்து, பேனா அழுத்திய காய்ப்பு மாதிரி மிளகளவு மேடாகத் தேய்த்துவிடுகிறாள். இன்ஜினியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிரையரைக் காட்டுகிறாள். காய்ந்ததும், அதன்மேல் பழுப்பேறிய மஞ்சள். ஓரத்தில் சிவப்பு மை கசிந்த மாதிரி ஒரு கறை. “முப்பது வருஷம் நோட்டு திருத்தின விரலாச்சே” என்று முணுமுணுக்கிறாள் அக்கா. டீச்சர் விரலை மாட்டிக்கொள்கிறார். அதை அவர் பார்க்கவே இல்லை. கண்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கின்றன. கட்டைவிரல் மட்டும் தானாகப் போய், அந்த மேட்டைத் தடவி, அங்கேயே தங்கிவிடுகிறது.