முன்னப்பின்ன தெரியாத ஆள்

கண்ணாடி முன்னால் நின்று முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள் இஸ்திரி அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பேறிய கையால், பரீட்சைக்குப் போகும் பிள்ளைபோல நெற்றியில் திருநீறும் இட்டுக்கொண்டாள்.

“எங்க கிளம்பிட்ட?” மகன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

“ஒரு ஆளைப் பார்க்க.”

“எந்த ஆளை?”

“ஆப்ல பழக்கமான ஆளைத்தான். பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லியிருக்கேன்.”

மகன் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினான். “ஏய், டேட்டிங் ஆப்பை அம்மா போன்ல ஏத்திவிட்டது நீதானா?”

“அத்தைதாங்க கேட்டாங்க” என்றாள் மருமகள், கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து. “சும்மா ஒரு சோதனைக்குன்னாங்க. எத்தனையோ பேர் வந்தாங்க. சொந்தக் கார் பக்கத்துல நின்னு போட்டோ போட்டவரைக்கூடத் தள்ளிவிட்டுட்டாங்க. குரல்ல பேசி அனுப்பினவங்களையும் வேணாம்னுட்டாங்க. எழுத்துல பேசின ஒருத்தரை மட்டும்தான் வச்சுக்கிட்டாங்க.”

“வச்சுக்கிட்டாங்களா! அப்பா போய்ச் சேர்ந்தப்புறம், இந்த வயசுல உனக்கு என்னம்மா சோதனை? ஊரே சிரிக்கும்!”

“சிரிச்சா அவங்க பல்லுதான் தெரியும். எனக்கென்ன வந்தது?”

மகன் கொஞ்சம் இறங்கி வந்தான். “துணை வேணும்னா சொல்லு. தெரிஞ்ச இடத்துல விசாரிப்போம்.”

“தெரிஞ்ச ஆள் இதுக்குச் சரிப்படாது. என்னை முன்னப்பின்ன தெரியாத ஆள்தான் வேணும்.”

அவனுக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. தலை நரைத்த பிறகு எழுத்துக்கூட்டப் பழகியவள் அவள். குத்த வேண்டிய இடம் மகனுக்குத் தெரியும்.

“போன மழைக்குக் குடை கொண்டு வாடான்னு ஒழுங்கா எழுதத் தெரியலை. கூடைன்னு எழுதி, கொட்டுற மழையில என்னைக் கூடையோட ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வச்ச. வாட்ச்மேன் முதக்கொண்டு விழுந்து விழுந்து சிரிச்சான். உன் லட்சணத்துக்கு ஆப் ஒரு கேடா?”

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“இப்ப படி இறங்கினா, இனிமே என்னை மகன்னு சொல்லாதே.”

“சொல்லுவேன். பெத்தவ நான்தானே? வழியை விடு.”

விடுவிடுவென்று நடந்தாள். “எவன் வர்றான்னு நானும் பார்க்கிறேன்” என்று மகனும் பின்னாலேயே வந்தான்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. பேருந்துகள் வந்தன, போயின. இறங்குகிறவர்களின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் அவள் தலையைத் தாழ்த்தியே நின்றாள். வெட்கத்தைப் பார் என்று மகன் பல்லைக் கடித்தான்.

இன்னொரு பேருந்து வந்து நின்றது. வழுக்கைத் தலையும் ஒடிசலான உடம்புமாக ஒரு பெரியவர் இறங்கினார். மடக்கிய கறுப்புக் குடையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, அங்கும் இங்கும் யாரையோ தேடினார்.

இஸ்திரி அக்கா அப்படியே மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“இவரா? இந்த வழுக்கைத் தலையா உனக்குப் பிடிச்சிருக்கு?”

“தலையை எவடா பார்த்தா? நான் எழுதினதைக் கொண்டு வந்திருக்காரு, கையைப் பாருடா!” என்று மகனைப் பிடித்து உலுக்கினாள். “கூடை இல்லைடா... குடை!”