சபாபதி கொடுத்த குழாய்

குதிரை வண்டியை விற்றுவிட்டு, போன மாதம்தான் இராமையா வாடகை மோட்டார் வாங்கியிருந்தார். மாலையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓட்டவேண்டும். இடதுபக்க முன் சக்கரம் பஞ்சர். நட்டு அசையவே இல்லை.

“சின்ன ஸ்பானருக்கெல்லாம் அசையாதுண்ணே. ஸ்பானர் பிடியில இந்தக் குழாயை மாட்டி, பலமா இடதுபுறம் திருப்புங்க,” என்றான் பக்கத்து வீட்டு சபாபதி. அவனிடமும் அதே மாதிரி மோட்டார்தான்.

குழாய்தான் வளைந்தது.

“கவலைப்படாதீங்க. ஊர்வலத்துக்கு நான் ஓட்டறேன். இந்த அலோன் ஊர்ல உங்க பேரு கெடாமப் பாத்துக்கறேன்.”

இராமையா கண்கலங்கிக் கும்பிட்டார்.

மறுநாள் காலை, சபாபதி தன் மோட்டாரில் அதே இடதுபக்க முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையில் சின்ன ஸ்பானர். வலதுபுறம் திருப்பினான், நட்டு சுலபமாகக் கழன்றது.

இந்த மோட்டாரில் இடதுபக்க நட்டுகளுக்கு மரை தலைகீழ் என்பதும், நேற்று முழுக்கத் தான் நட்டை இறுக்கிக்கொண்டிருந்ததும் இராமையாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

வளைந்த குழாயை அவன் காலடியில் போட்டார்.

“உன்னுதுதான். எடுத்துக்க.”