காலியாகக் கிடந்த நாலு டெராபைட்

இதை முதலில் எனக்குச் சொன்னவர் என் மருமகன் கிளாட்வின், போன தவக்காலத்தில்.

ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் புது டிஸ்க்குகள் இரண்டு வந்தன. ஒவ்வொன்றும் பத்து டெராபைட் கொள்ளும். அங்கே டிஸ்க்குகளைச் செருகிப் படங்களைச் சேமித்து வைக்கும் பெட்டி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெயர் வைத்தது. பழைய டிஸ்க்குகள் வரிசையாக வந்து தங்கள் கல்யாணப் படங்களைக் கொட்டின. கடைசியில், சாகக் கிடந்த ஒரு கிழ டிஸ்க்கின் முறை வந்தது.

"இடமில்லை, போ" என்றது பெட்டி.

"என்ன அநியாயம்!" என்று புது டிஸ்க் ஒன்று கத்தியது. "என் வயிற்றில் நாலு டெராபைட் காலியாகக் கிடக்குதே!"

"ஒரு பெயருக்குள் எனக்குப் பதினாறு டெராபைட் வரைக்கும்தான் எண்ணத் தெரியும். எண்ண முடியாத இடம் இடமே இல்லை."

"அப்புறம் எந்த முகத்தோடு எங்களைச் சேர்த்தாய்? தனித்தனியாக விட்டிருந்தால் உன் கணக்குக்குள் அடங்கியிருப்போமே!"

"முதலாளி ஒரே பெயராகக் கேட்டார்."

"இப்பவாவது பிரித்துவிடு!"

"பிரித்தால் உள்ளே இருக்கிற கல்யாணமெல்லாம் அழியும். சம்மதமா?"



"சண்டை வேண்டாம் தங்கச்சி" என்றது கிழ டிஸ்க். "என்கிட்ட ஒரே ஒரு கல்யாணம்தான். பொண்ணோட அப்பா இப்ப உயிரோட இல்ல. அவர் சிரிக்கிறது இதுல மட்டும்தான் இருக்கு."

அது கறகறவென்று சுற்றி, நின்றுபோனது.

பெட்டி பச்சை விளக்கைப் போட்டு, "எல்லாம் நலம்" என்றது.

இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது அந்தப் பெண்ணையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.