பூட்டுக்கு முந்திய சாவி

மாணவர் பேரவைக் கட்டடத்துக்கு முதலில் வந்தது சாவிதான். அடிக்கல் நாட்டிய அன்று, ஒரு பெரிய பித்தளைச் சாவியைத் தட்டில் வைத்துப் பேரவைச் செயலாளரிடம் துணைவேந்தர் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு செங்கல்கூட வரவில்லை. அடிக்கல்லைச் சுற்றி உட்கார்ந்துதான் பேரவை கூடியது. மழை வந்தால் நூலக வராந்தா. ஆண்டுதோறும் பழைய செயலாளர் புதியவரின் உள்ளங்கையில் சாவியை வைத்து, "பத்திரம். கட்டடம் வந்துடும்" என்பார். சிரிக்காமல் சொல்ல வேண்டும். வாங்கியவர் ஆண்டு முழுவதும் அதைத் தன்னோடேயே வைத்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு பேர் அப்படிச் சுமந்தார்கள்.

இந்த ஆண்டு கட்டடம் வந்துவிட்டது. செயலாளர் மெஹருன்னிசா சாவியோடு பூட்டுக் கடைக்குப் போனாள்.

"அண்ணே, இந்தச் சாவிக்கு ஒரு பூட்டு செஞ்சு தரணும்."

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பல்லே இல்லையேம்மா. வழவழன்னு தேஞ்சு கெடக்கு. அவ்வளவு பூட்டித் திறந்தீங்களா?"

"ஒரு தடவகூட இல்லண்ணே. கை பட்டே தேஞ்சது."

"இதுக்குத் தோதா பூட்டு செஞ்சா, எந்தச் சாவி போட்டாலும் திறந்துக்கும். ஹேர்பின் போதும். பரவாயில்லையா?"

அடிக்கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்த காலத்தில் யாரையும் வெளியே நிறுத்த வழியே இருந்ததில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அப்படியே செஞ்சிடுங்கண்ணே."

அவர் உள்ளங்கையை நீட்டினார். சாவியை அதில் வைத்ததும், தன்னை அறியாமல் "பத்திரம்" என்றாள். அடுத்த வாக்கியம் வாய் வரை வந்தது; கட்டடம்தான் வந்துவிட்டதே.