ஒரு விரல் அகலம்

"உள்ள பிடிச்சுத் தைச்சது தெரியவே கூடாது, அக்கா. அதே கலர் நூலாப் போடுங்க" என்றான் கணக்கு டீச்சரின் கணவன்.

தையல்காரி மேசையைப் பார்த்தாள். டீச்சரின் சட்டைகள் ஏழு. ஏழும் இவள் கையால் தைத்தவை.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குள் ஏழையும் பக்கவாட்டில் ஒரு விரல் அகலம் பிடித்து, எதுவுமே நடக்காத மாதிரி அலமாரியில் திரும்ப அடுக்கிவிட வேண்டுமாம்.

ஏன் என்று கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

வயிற்றில் கட்டி. முற்றிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். அவளிடம் வெறும் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறானாம். எடை பார்க்கும் மெஷினைக்கூட, கெட்டுப்போச்சு என்று சொல்லி ஒளித்துவிட்டானாம். இந்த வாரம் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. அது காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"தெரியாத வரைக்கும் சந்தோஷமா இருப்பாக்கா. நேத்துகூட கிளாஸ்ல நடந்ததைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு அது போதும்."

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதுமாம். இவனுக்குப் போதுமாம்! உயிர் அவளுடையது. போதும் என்று சொல்ல இவன் யார்?

அவள் எப்பேர்ப்பட்டவள்! தைக்கக் கொடுக்கும் துணியில்கூட உள் ஓரத்தில் மைப்பேனாவால் தேதி எழுதித்தான் கொடுப்பாள். "என்ன டீச்சர், துணிக்கும் பரீட்சையா?" என்று இவள் கேலி பண்ணுவாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அவளுக்கு, தன் நாள் கணக்கு மட்டும் தெரியக் கூடாதாம். என்ன அநியாயம் இது!

இவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான், சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். இவளும் நம்பி, தோழிகளோடு சுற்றுலா போனாள். திரும்பி வந்தபோது வீடு நிறைய ஆட்கள். சந்தோஷமாகப் போய்வரட்டும் என்றுதான் சொல்லவில்லை என்றாள் சித்தி. அந்தச் சந்தோஷத்தில் எடுத்த போட்டோ அத்தனையையும் இவள் அன்றைக்கே கிழித்துப் போட்டாள். இருபது வருஷம் ஆகியும் அந்த ஆத்திரம் ஆறவில்லை.

இதற்குப் போய் என் மெஷினா? ஏழு சட்டையையும் இவன் மூஞ்சியிலேயே விட்டெறிகிறேன் பார்.

வெடுக்கென்று மேலே கிடந்த சட்டையை வாரினாள்.

சுருக்கென்று விரலில் குத்தியது.

சட்டையை உள்பக்கம் திருப்பினாள். பக்கவாட்டில் நூல் கோத்த ஊசி ஒன்று செருகியிருந்தது.

கைத்தையல். இவள் போட்ட மெஷின் தையலுக்கு அரை விரல் உள்ளே, அளந்து அளந்து போட்ட சின்னச் சின்னத் தையல். ஒரு வரிசை முழுசாக இருந்தது. அதற்கும் உள்ளே இன்னொரு வரிசை பாதியில் நின்றிருந்தது. முழு வரிசையின் ஓரத்தில் மைப்பேனாவால் ஒரு தேதி.

மற்ற ஆறையும் பரபரவென்று திருப்பினாள். ஆறிலும் கைத்தையல். சிலதில் ஒரு வரிசை, சிலதில் இரண்டு. எல்லாவற்றுக்கும் தேதி. அதில் முதல் தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது.

மூன்று இல்லை. ஐந்து.

டீச்சருக்குத் தெரியும். இந்த மனுஷனுக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். தான் இளைப்பது இவன் கண்ணில் படக் கூடாதென்று, தன் சட்டையைத் தானே பிடித்துப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாதியில் நின்ற அந்த வரிசை மட்டும் கோணல்மாணலாகப் போயிருந்தது. கை ஓய ஆரம்பித்திருக்கிறது.

நேற்று விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

அடிப்பாவி, நீயுமா? ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டு, என்ன சந்தோஷமடி இது?

"என்னக்கா ஆச்சு?" அவன் எழுந்தேவிட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி. என் ஊசிதான். எடுக்க மறந்திருக்கேன்."

பொய் தன் வாயில் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனால் இவனிடம் சொல்ல வேண்டியவள் டீச்சர், இவள் இல்லையே.

"வெளியில தெரியாதில்ல, அக்கா?"

"வெளியில தெரியாது. உக்காருங்க."

அவனுக்கு முதுகைக் காட்டி மெஷின் முன் உட்கார்ந்தாள். இருக்கிற நூலிலேயே பளிச்சென்ற சிவப்பாகப் பார்த்து மாட்டினாள். டீச்சரின் தையலில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஏழு சட்டைக்கும் ஒரு சிவப்பு வரிசை ஓட்டினாள். ஊசியை இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினாள்.

பிறகு, திரும்பாமலே கேட்டாள்.

"டாக்டர் உங்ககிட்ட சொன்னது என்னிக்கு தம்பி? தேதி ஞாபகம் இருக்கா?"

அவன் யோசிக்கவே இல்லை. கேட்ட உடனே சொன்னான்.

அவள் மைப்பேனாவை எடுத்து, ஊசி செருகியிருந்த சட்டையில் டீச்சரின் தேதிக்குக் கீழே அந்தத் தேதியை எழுதினாள்.

கணக்கு டீச்சர்தானே. மீதியை அவளே போட்டுக்கொள்ளட்டும்.