வெளியூர் வண்டி

"ஒரு பெட்டிகூட ஊர் எல்லையத் தாண்டாது. இறக்கு."

பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்தான் ஈஸ்வரபாண்டி, காமயகவுண்டன்பட்டி வேன் சங்கத்துக்காரன்.

ஜஸ்டின் எரிச்சலோடு வேனிலிருந்து குதித்தான். குமுளியில் சிமெண்டு இறக்கிவிட்டு மதுரைக்குக் காலியாகத் திரும்பிய வண்டி. கம்பத்தில் மாரீஸ்வரி என்றொரு அக்கா கையைக் காட்டி நிறுத்தி, தன் தோட்டத்துக்குக் கூட்டி வந்து, எண்பது பெட்டி பன்னீர் திராட்சையை ஏற்றியிருந்தாள். இப்போது ஓரமாகத் தலைகுனிந்து நின்றாள்.

"ஏன்யா இறக்கணும்?"

"உள்ளூர்ச் சரக்க உள்ளூர் வண்டிதான் ஏத்தணும். சங்கத்துச் சட்டம்."

"சரி, ஒங்க வண்டிய வரச்சொல்லு."

"மூணும் கேரளா போயிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வரும்."

"அதுக்குள்ள பழம் குழைஞ்சு தண்ணியா ஓடிரும். மதுரைக்கு நா ரெண்டாயிரம் கேட்டேன். நீங்க எவ்வளவு வாங்குறீக?"

"அஞ்சு."

"போட்டிக்கு ஆள் இல்லன்னா பத்துகூட வாங்குவீக. வண்டி மட்டும் இன்னொண்ணு வாங்க மாட்டீக."

"கடல்லயே இதான்யா வழக்கம். தூத்துக்குடியில ஏத்திக் கொச்சியில இறக்குற சரக்குக்கு நம்ம நாட்டுக் கப்பலுக்குத்தான் மொத உரிம. வெளிநாட்டுக்காரன் லைசென்ஸ் வாங்கணும்."

"நா மதுரக்காரன்யா. பாஸ்போர்ட்டு எடுத்துட்டு வரவா?"

மாரீஸ்வரி அவன் கையைத் தொட்டாள். "விடு தம்பி. இறக்கிருவோம்." சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் நடந்தாள்.

ஜஸ்டினுக்கு நெஞ்சு கொதித்தது. வெயிலில் வெந்து விளைவித்தவள், தன் பழத்துக்காக ஒரு வார்த்தை பேசப் பயப்படுகிறாள். எப்படி மிரட்டி வைத்திருப்பார்கள் இவர்கள்.

"ஒங்க வீட்டுப் பழமா இருந்தா இப்படி நிப்பியா?"

"நின்னேன்யா. போன மாசம் எங்க ஆத்தா இதே மாதிரி வெளியூர் வண்டியில ஏத்துச்சு. சங்கத்துத் தலைவரே வந்து மறிச்சு, கடைசிப் பெட்டி வரைக்கும் இறக்க வச்சாக. அம்புட்டும் மாட்டுத் தொட்டிக்குத்தான் போச்சு."

"பெத்த தாய் பழம் அழுகியும் புத்தி வரலியா? அந்தத் தலைவர் நம்பரக் குடு. நறுக்குன்னு நாலு கேள்வி கேக்குறேன்."

"நம்பர் எதுக்கு? நேர்லயே கேளு."

ஈஸ்வரபாண்டி வேனின் பின்பக்கம் கையைக் காட்டினான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாரீஸ்வரி முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தா, இறக்குறாகல்ல. அவுகதான்."